ரிசர்வ் கோலி இருளப்பன்

யாரையும் நம்பாமல் இருப்பது இருளப்பனுக்குத் தொழிலின் ஒரு பகுதி. கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் தனியார் பஸ்களுக்கு அவர்தான் டைம்கீப்பர். பிந்தி வருகிற ஒவ்வொரு டிரைவரிடமும் ஒரு கதை இருக்கும். தென்னக்கும்புரையில் டயர் போய்விட்டது, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் லொறி குறுக்கே நின்றுவிட்டது, கொண்டக்டருக்கு வயிற்றுவலி. இருளப்பன் கதையை முழுதாகக் கேட்பார். பிறகு எழுந்து போய் டயரைத் தடவிப் பார்ப்பார். கொண்டக்டரின் முகத்தையும் பார்ப்பார்.

இது பஸ் நிலையத்தில் தொற்றிய குணமில்லை என்று அவருடைய மனைவி கஜலட்சுமி சொல்வார். பெண் பார்க்க வந்த அன்றைக்கே, பலகாரத் தட்டை நீட்டியபோது, "இது நீங்க செஞ்சதா, கடையில வாங்குனதா?" என்று கேட்டவராம். "கடையில வாங்குனது தான். எனக்கு மாவு பெசையவே தெரியாது" என்றாராம் கஜலட்சுமி. அந்தப் பதிலுக்காகத்தான் கட்டிக்கொண்டேன் என்பார் இருளப்பன். "அதையும் இன்னும் முழுசா நம்பல. என்னைக்காவது ஒருநா ஒளிச்சு வச்சி முறுக்கு சுடுறேனான்னு குசினிக்குள்ள எட்டிப் பார்க்கிறாரு" என்பார் கஜலட்சுமி.

பஸ் நிலையத்தில் புதிதாக ஒருவர் வேலைக்கு வந்தால் இருளப்பனைக் காட்டி, "நாட்டுக்கு வெளயாடுனவரு, சும்மா ஆளில்ல" என்று சொல்வார்கள். இருளப்பன் உடனே திருத்துவார். "டீம்ல இருந்தேன். வெளயாடல."

முப்பது வருடங்களுக்கு முன்பு, அயல் நாடுகள் எல்லாம் கூடி ஆடிய நட்புக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டியில் இலங்கை அணி வென்றது. அந்த அணியில் இரண்டு கோல்காப்பாளர்கள். ஒருவர் கட்டுகஸ்தோட்டை ருஷ்தி. மற்றவர் தெல்தோட்டைத் தோட்டத்து இருளப்பன். ருஷ்தி எல்லாப் போட்டிகளிலும் கோல்கம்பங்களுக்கு நடுவில் நின்றார். இருளப்பன் எல்லாப் போட்டிகளிலும் வெளியே, மாற்று ஆட்கள் உட்காரும் வாங்கில் இருந்தார். ஒரு நிமிடம்கூடக் கோட்டைத் தாண்டி உள்ளே போகவில்லை. பதக்கம் மட்டும் எல்லோருக்கும் ஒரே பதக்கம்தான். அது அலுமாரியில், கல்யாணச் சேலைக்கு அடியில் கிடக்கிறது.

மற்ற வீரர்கள் களைத்தால் மாற்றுவார்கள், கால் பிடித்துக்கொண்டால் மாற்றுவார்கள். கோல்காப்பாளர் களைப்பதில்லை. அவருக்கு ஏதாவது உடைந்தால்தான் ரிசர்வ் ஆளுக்கு வேலை. ஆகவே ரிசர்வ் கோலியாக இருப்பது ஒரு கெட்ட வேலை. கூட்டாளியின் கையையும் காலையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவனுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று வாயால் சொல்ல வேண்டும்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்ததில்தான் இறுதிப் போட்டியன்று இருளப்பனுக்கு ஒன்று பட்டது. ருஷ்தி பந்தைப் பிடிக்கவில்லை. உயரப் பந்து, தாழப் பந்து எதுவானாலும் முஷ்டியால் குத்தி வெளியே தள்ளினார். பூனைக்குட்டியைத் தூக்குகிற மாதிரி இரு கையாலும் பந்தை அள்ளுகிறவர் அவர். அரையிறுதியில் கம்பத்தோடு மோதி விழுந்தது இருளப்பனுக்கு நினைவிருந்தது. விரல் போயிருக்கிறது, மறைக்கிறான் என்று முடிவுகட்டினார். யாரும் சொல்லாமலே எழுந்து வாங்குக்குப் பின்னால் உடம்பைச் சூடாக்கினார். யாரும் கூப்பிடவில்லை. இலங்கை ஒரு கோலால் வென்றது. ருஷ்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தூக்கியவர்களில் இருளப்பனும் ஒருவர்.

அன்று பிடித்த சந்தேகம் அப்படியே நின்றுவிட்டது. ருஷ்தியிடம் அவர் கேட்டதில்லை. பக்கத்து ஊர், பார்த்தால் பேச்சு உண்டு, பெருநாளுக்குக் கட்டுகஸ்தோட்டையிலிருந்து வட்டிலப்பம் வரும், தீபாவளிக்கு இங்கிருந்து பலகாரம் போகும். வட்டிலப்பத்தைப் பிரித்து, மேலே கிடக்கும் முந்திரிப்பருப்பைப் பார்த்ததும் இருளப்பன் சொல்வார்: "பாரு, எவ்வளவு கஜு. குத்தம் செஞ்சவன் தான் இவ்வளவு கஜு போடுவான்." கஜலட்சுமி தனக்கு ஒரு துண்டை வெட்டிக்கொண்டே, "அந்த மனுசன் வருசா வருசம் குத்தம் செய்யட்டும்" என்பார்.

இவ்வளவு சந்தேகத்துக்கும் நடுவில் இருளப்பன் சந்தேகப்படாத ஆள் ஒருவர் இருந்தார். பயிற்றுவிப்பாளர் எக்கநாயக்க. தெல்தோட்டையில் சரிவான ஒரு மைதானத்தில் நடந்த தோட்டப் போட்டிக்கு மத்தியஸ்தராக மோட்டார் சைக்கிளில் வந்தவர், ஆட்டம் முடிந்ததும் நேரே தொழிலாளர் லயத்துக்குப் போய் இருளப்பனின் தகப்பனிடம் அரைத் தமிழில், "இவன எனக்கு தாங்க" என்று கேட்டவர். அந்த மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துதான் இருளப்பன் கண்டிக்கு வந்தார். பஸ் நிலைய வேலையும் அவர் சொல்லிக் கிடைத்ததுதான்.

இறுதிப் போட்டியன்று காலை கொழும்பு ஹோட்டலில், எக்கநாயக்க அவரைத் தனியாகக் கூப்பிட்டார். செட்டியார் தெரு கதிரேசன் கோயிலுக்குப் போய் அணியின் பெயரில் அர்ச்சனை செய்து தேங்காய் உடைத்துவிட்டு வரச் சொன்னார். "நீ போனா தான் சாமி கேட்கும்" என்றார். இருளப்பன் போனார். கடையில் ஒவ்வொரு தேங்காயாகக் காதருகே ஆட்டிப் பார்த்து எடுத்தார். கோயிலில் சனம் கூடியிருந்தது, பூசை பிந்தியது. திரும்பி வந்தபோது அணி பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தது; ருஷ்தி அப்போதே கையுறை மாட்டியிருந்தார். தேங்காய் வெள்ளையாக, ஒரு அழுகல் இல்லாமல் விழுந்ததை எல்லோருக்கும் சொன்னார். வெற்றியில் தன் பங்கு அதுதான் என்று அவருக்கு ஓர் எண்ணம். வாங்கில் இருந்தது பற்றிப் பேச்சு வந்தால் அவர் சொல்வது ஒன்றே: "கோச்சுக்கு விரல் விசயம் தெரிஞ்சிருந்தா என்னைத்தான் எறக்கியிருப்பாரு." முப்பது வருடமும் அந்த ஒரு வசனத்தில்தான் அவர் சாய்ந்து நின்றார்.

போன மாசி மாதம் எக்கநாயக்க காலமானார். செய்தியைச் சொல்லிக் கைத்தொலைபேசியில் பேசியது ருஷ்தி.

"இருளு, கோச் மவுத்தாகிட்டார் மச்சான். நாளைக்கு குண்டசாலையில எடுக்கிறாங்க. எங்கட டீம் ஆளுகள் தான் தூக்கோணும் எண்டு மகள் நிலூஷா செல்லியீக்கிறா. பிளேசர் போட்டுக்கொண்டு வா."

இருளப்பன் கைத்தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார். பிறகு, "எத்தன பேரு சேர்ந்திருக்கீங்க?" என்றார்.

"உன்னோட ஆறு."

"நான் இல்லாட்டி?"

"அஞ்சு."

"அப்ப ஆள் பத்தாம தான் கூப்புடுற."

"யா அல்லாஹ்! மையத்து வீட்டுக்குமாடா உனக்கு ரிசர்வ் கணக்கு? வாறியா இல்லையா, செல்லு."

போவதா வேண்டாமா என்று இருளப்பன் அன்று மாலை முழுவதும் யோசித்தார். மற்றவர்கள் இறந்துவிட்டார்கள், கனடா போய்விட்டார்கள், அதனால்தான் தனக்கு இடம் வந்தது என்று கஜலட்சுமியிடம் சொன்னார்.

"சரி, அதுக்கென்ன? எடம் வந்துச்சில்ல" என்றார் கஜலட்சுமி. "அந்த மனுசன் இல்லாட்டி இன்னும் தோட்டத்துல கொழுந்து நிறுத்துக்கிட்டு இருந்திருப்பீங்க. போயிட்டு வாங்க." அணியில் கொடுத்த பழைய பிளேசரை வெளியே எடுத்து உதறி மாட்டிவிட்டார். வயிற்றில் அது ஒரு சாணுக்கு மூட மறுத்தது. "பொத்தான் போடாதீங்க. தூக்குறப்ப தெறிச்சா யாரு கண்ணுலயாச்சும் படும்."

மறுநாள் காலை குண்டசாலைச் சந்தியிலிருந்தே வெள்ளைக் கொடிகள் கட்டியிருந்தார்கள். வீட்டு முற்றத்தில் கூடாரம், பிளாஸ்டிக் கதிரைகள், தட்டில் பாலில்லாத பிளேன்டீ. ருஷ்தி வாசலிலேயே நின்றார். ஹாட்வெயார் கடையும் நீரிழிவும் அவரை அகலமாக்கியிருந்தன. அவருடைய பிளேசரிலும் பொத்தான் போட்டிருக்கவில்லை.

"வந்திட்டாய். வா, வெளிய இருப்போம். உள்ளுக்குச் சூடு" என்றார் ருஷ்தி.

"மொதல்ல முகத்த பாக்கணும்."

இருவரும் உள்ளே போனார்கள். எக்கநாயக்க வெள்ளை உடையில், வாழ்நாளில் ஒருநாளும் இல்லாத அமைதியோடு கிடந்தார். இருளப்பன் கும்பிட்டார். அந்தக் காலத்தில் இதே வாய் வாங்கைப் பார்த்து எத்தனை சத்தம் போட்டிருக்கும் என்று நினைத்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் சுவரைக் கவனித்தார். சாவு வீடுகளில் சிங்கள ஆட்கள் செய்கிற மாதிரி, சுவரில் தொங்கிய படங்களையெல்லாம் முகம் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்கள். பிணத்தைத் தூக்கி, எல்லாம் முடிந்த பிறகுதான் திருப்பிப் போடுவார்கள். வரிசையாகப் பழுப்பு நிற முதுகுகள். நடுவில் ஒரு பெரிய சட்டம். அது கிண்ணத்தோடு எடுத்த அணிப் படமாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் படத்தில் கடைசி வரிசை ஓரத்தில் இருளப்பன் நிற்பார். பத்திரிகையில் வந்தது, எல்லா வீட்டிலும் இருப்பது.

"வா மச்சான், போவோம்" என்று ருஷ்தி முழங்கையைப் பிடித்தார்.

"இரு, நிக்கிறேன்."

"அங்க வெளிய காத்து வருது. வா."

இரண்டாம் முறை இழுத்ததுதான் பிழை. சும்மா விட்டிருந்தால் இருளப்பன் தானாகவே வெளியே போயிருப்பார். அவர் ருஷ்தியின் முகத்தைப் பார்த்தார். பிந்தி வந்த டிரைவர் டயரை மறைத்துக்கொண்டு நிற்பது போல் ருஷ்தி அந்தச் சுவருக்கும் அவருக்கும் நடுவில் நின்றார். இவன் இந்த வீட்டுக்கு அடிக்கடி வந்து போகிறவன்; தான் கோச்சைக் கண்டதெல்லாம் மைதானத்திலும் பஸ் நிலையத்திலும்தான். அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று இவனுக்குத் தெரியும்.

இருளப்பன் ருஷ்தியைச் சுற்றிக்கொண்டு போய், பெரிய சட்டத்தின் ஓரத்தைப் பிடித்துத் திருப்பினார்.

"எபா! எபா!" என்று எக்கநாயக்கவின் தங்கை பதறிப்போய் வேண்டாம் வேண்டாம் என்று கத்தினார். பாய்களில் இருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் வாயில் கை வைத்தார். சாவு வீட்டில் படத்தைத் திருப்புகிறவன் என்ன மனிதன்?

கிண்ணத்தோடு எடுத்த படமில்லை அது. ஹோட்டல் முற்றத்தில், காலை வெயிலில், எல்லோரும் பிளேசரோடு நிற்கிறார்கள். பின்னால் அணியின் பஸ். அதன் பக்கவாட்டில் இறுதிப் போட்டிக்கென்று அன்று காலை கட்டிய பதாகை. நடுவில் எக்கநாயக்க. அவருக்குப் பக்கத்தில் ருஷ்தி. ருஷ்தியின் வலது கையில் இரண்டு விரல்களை ஐஸ்கிரீம் குச்சி வைத்து வெள்ளைப் பிளாஸ்டரால் சுற்றியிருந்தது. அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்து கமராவுக்குக் காட்டித் தூக்கிக்கொண்டிருப்பது எக்கநாயக்க. வாய் நிறையச் சிரிப்பு. அணி முழுவதும் சிரிக்கிறது.

இருளப்பன் தன்னைத் தேடினார். முன் வரிசை, நடு வரிசை, கடைசி வரிசை, ஓரம். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். இல்லை. அந்த நேரம் அவர் செட்டியார் தெருவில் ஒரு தேங்காயோடு நின்றுகொண்டிருந்தார்.

நிலூஷா வந்து சேர்ந்தார். கோபப்படவில்லை. அழுது வீங்கிய கண்களோடு படத்தை ஒரு கணம் பார்த்தார். "அப்பாவுக்கு இந்தப் படந்தான் பிடிக்கும், அங்கிள்" என்று சிங்களத்தில் சொன்னார். "இதில நீங்க எங்க நிக்கிறீங்க?"

"படம் எடுக்கிறப்ப நான் கோயில்ல" என்று இருளப்பனும் சிங்களத்திலேயே சொன்னார்.

நிலூஷா தலையை ஆட்டிவிட்டுச் சட்டத்தை மெதுவாகச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

கூடாரத்தின் பின்பக்கம், தண்ணீர்த் தாங்கிக்கு அருகே இருளப்பன் நின்றார். ருஷ்தி பின்னாலேயே வந்தார்.

"அவருக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் இருளப்பன்.

"சத்தம் போடாத. ஆளுகள் ஈக்கிறாங்க."

"அவருக்குத் தெரிஞ்சிருக்குடா!"

"ஓ, தெரியும்!" ருஷ்திக்கும் கோபம் வந்துவிட்டது. "அவர் தான் கட்டிவிட்ட. குச்சி கொண்டு வந்ததும் அவர் தான். போதுமா? இவ்வளவு காலமா என்ன கள்ளன பாக்கிற மாதிரிப் பாத்தாய். நான் ஏதாவது சென்னனா? பாக்கட்டும் எண்டு விட்டேன்."

"எனக்காகவா விட்ட? பெரிய தியாகி."

"இல்ல. செல்ல வாய் வரல்ல. அவ்வளவு தான்."

"அன்னைக்கு நீ அவர்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? இருளப்பன எறக்குங்க சேர், எனக்கு விரல் ஒடஞ்சிருக்குன்னு."

"நான் ஏன் செல்லோணும்? எனக்கு விளையாடோணும். நீயா இருந்தா செல்லுவியா?"

கூடாரத்துக்குள்ளிருந்து பிக்குகள் பிரித் ஓதும் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. ஒருவர் பிளேன்டீ தட்டோடு வந்தார், இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்.

"என்ன சொன்னாரு?" என்று இருளப்பன் கேட்டார். "என்னை ஏன் எறக்கலன்னு என்ன சொன்னாரு? மறைக்காம சொல்லு. மறைச்சா எனக்குத் தெரியும்."

ருஷ்தி தாங்கியின் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். பிளேசர் கையாலேயே துடைத்தார்.

"டீம் டொக்டர் கேட்டார், மற்றவன் ஈக்கிறானே, அவன போடுங்களேன் எண்டு. கோச் சென்னார், இருளப்பன் நல்ல கோலி தான், ஆனா பந்த நம்ப மாட்டான். அடிக்கிறவன்ட காலப் பாப்பான், கண்ணப் பாப்பான், எங்க ஏமாத்துறான் எண்டு யோசிப்பான். யோசிச்சு முடிய முந்தி பந்து உள்ளுக்குப் போயிரும். அப்பிடித் தான் சென்னார். நீ அங்க ஈந்தா மனசு நோகும் எண்டு தான் கோயிலுக்கு அனுப்பின."

இருளப்பன் ருஷ்தியின் கண்ணைப் பார்த்தார். பொய்க்காக அங்கே தேடினார். வழக்கமாக எங்கே தேடினாலும் ஏதாவது அகப்படும். இன்றைக்கு ஒன்றும் அகப்படவில்லை. பயிற்சியில் தான் கோட்டைவிட்ட பந்துகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் போன பந்துகள்தான்.

"அங்கிள்மாரே, நேரம் ஆச்சு" என்று நிலூஷா வாசலில் நின்று கூப்பிட்டார்.

இந்த இடத்தில் இருளப்பன் பேசாமல் சந்திக்கு நடந்திருக்கலாம். போகத்தான் நினைத்தார். கேட்டின் பக்கம் நாலடி வைத்ததும் உண்மை. ஆனால் பெட்டிக்கு ஆறு கைப்பிடிகள். ஐந்து பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடி, தத்தம் இடத்தில் குனிந்து நின்றார்கள். பின்பக்கம் இடது மூலையில் ஆளில்லை. அவர் மன்னித்தாரா இல்லையா என்பது வேறு கதை. அங்கே ஓர் ஆள் குறைந்தது, அவர் பக்கத்தில் நின்றார். போய்ப் பிடித்தார்.

தோளுக்கு ஏற்றியபோது பெட்டி நினைத்ததைவிடப் பாரம். வழி நெடுக விரித்திருந்த வெள்ளைத் துணி காலில் வழுக்கியது. மயானத்துக்கு ஏற்றம். யாரும் மாற்றிப் பிடிக்க வரவில்லை, அவரும் யாரையும் கூப்பிடவில்லை. தோளில் மரம் அழுத்த, உள்ளே கிடந்த மனிதரிடம் என்னென்னவோ கேட்டுக்கொண்டே நடந்தார். பாதி வழியில் கேள்விகள் முடிந்துவிட்டன. பிறகு வெறும் பாரம்தான் இருந்தது. அதோடு அழுகையும் வந்தது. மற்ற ஐந்து பேரும் அதைக் களைப்பு என்று நினைத்திருப்பார்கள்.

எல்லாம் முடிந்து இருளப்பன் கண்டி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் புறப்படும்போது ருஷ்தி ஓடிவந்து ஏறினார்.

"ஒன்னோட வேன் எங்க?" என்று இருளப்பன் கேட்டார்.

"அங்க நிக்கிது. மகன் கொண்டு வருவான்."

"அப்ப ஏன் பஸ்ல வார? என்ன வேணும் ஒனக்கு?"

"தள்ளி இரி. கால் நோகுது."

இருளப்பன் தள்ளி இருந்தார். அந்த ஆசனம் அவர்களைப் போன்ற இரண்டு உடம்புகளுக்குச் செய்ததில்லை. ருஷ்தியின் பாதி நடைவழியில் தொங்கியது. தென்னக்கும்புரைப் பாலம் வந்தது. பாலத்தில் பஸ் நின்று நின்று ஊர்ந்தபோது, ஆற்றைப் பார்த்தபடியே இருளப்பன் கேட்டார்:

"பைனல்ல, நடுவுல, ஒனக்கு மத்தக் கையும் போயிருந்தா?"

"அப்ப?"

"அப்ப எறக்கியிருப்பாரா?"

ருஷ்தி யோசித்தார். ஆம் என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று இருளப்பனுக்குத் தெரியும். அப்படிச் சொன்னால் உடனே எழுந்து அடுத்த தரிப்பில் இறங்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

"தெரியா மச்சான்" என்றார் ருஷ்தி.

இருளப்பன் தலையை ஆட்டினார். திரும்பி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கொண்டக்டர் வந்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டதும், "கண்டிக்கு ரெண்டு" என்றார்.